செத்துப்போன குதிரைக்கு மூன்று மார்க் குறைத்த கதை

டான்சிங் பிரேவ் என்ற குதிரை கடைசியாகப் பந்தயத்தில் ஓடியது 1986-ல். ஜப்பானில் அது இறந்தது 1999-ல். அதன் ரேட்டிங் 141-லிருந்து 138-ஆகக் குறைந்தது 2013 ஜனவரியில். நடுவில் அது எங்கேயும் போய்த் தோற்கவில்லை. செத்த குதிரை எப்படித் தோற்கும்? அளவுகோலை மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த மூன்று பவுண்டு இறங்கியதும், 140-ல் நின்றிருந்த ஃப்ராங்கெல் என்ற குதிரை, உலகத் தரோபிரெட் தரவரிசை தொடங்கிய நாளிலிருந்து வந்த எல்லாக் குதிரைகளுக்கும் மேலே போய் உட்கார்ந்தது.

நான் பந்தயத்தில் பணம் கட்டுகிற ஆள் இல்லை. பிழைப்பு சாஃப்ட்வேர். யாராவது பழைய ரெக்கார்டை எடுத்து அதன் மேலேயே புது எண்ணை எழுதினால் எனக்குத் தூக்கம் வராது, அந்த வியாதி ஒன்று உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு. ஒரு சாம்பியன் குதிரையின் உண்மையான தரத்தை எப்படி எடைபோடுவது, அதில் 2013-ல் நடந்த திருத்தம் எந்த அளவுக்கு நியாயம், இந்த இரண்டையும்தான் பார்க்கப் போகிறோம். முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ராங்கெல் பெரிய குதிரை, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அதை நிரூபிக்க டான்சிங் பிரேவின் மார்க் ஷீட்டைத் திருத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் இதில் சொந்தக் குதிரை, அடுத்த வீட்டுக் குதிரை என்ற சண்டை இல்லை. ஃப்ராங்கெல், டான்சிங் பிரேவ் இரண்டுக்குமே உரிமையாளர் ஒருவர்தான்: சவூதி இளவரசர் காலித் அப்துல்லா. ஆகவே விவாதம் முழுக்க எண்ணைப் பற்றியது மட்டும்.

ரேட்டிங் என்றால் என்ன

பந்தயக் குதிரையின் ரேட்டிங் பவுண்டு கணக்கில் இருக்கும். 120 ரேட்டிங் உள்ள குதிரையும் 110 உள்ள குதிரையும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குதிரை முதுகில் பத்து பவுண்டு அதிகமாக ஏற்றினால், கொள்கைப்படி இரண்டும் ஒன்றாக வந்து சேர வேண்டும். இந்த எண்ணைப் போடுகிறவர் ஹேண்டிகேப்பர். பந்தயம் முடிந்ததும் எந்தக் குதிரை எவ்வளவு தூரத்தில் ஜெயித்தது என்று பார்ப்பார். அந்தத் தூரத்தை 'லெங்த்' என்பார்கள், ஒரு குதிரை நீளம். அந்த நீளத்தைப் பவுண்டாக மாற்றுவார். ஐந்து ஃபர்லாங் ஓட்டத்தில் ஒரு லெங்த் என்பது சுமார் மூன்று பவுண்டு. ஒரு மைலில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை மைலில் இன்னும் குறைவு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு இரண்டு குதிரைக்கு நடுவில் இருக்கிற வித்தியாசத்தை மட்டும்தான் தரும். ஜெயித்த குதிரை 130-ஆ 140-ஆ என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள, தோற்ற குதிரைகளில் ஏதோ ஒன்று 'வழக்கம்போல ஓடியது' என்று எடுத்துக்கொண்டு, அதன் பழைய எண்ணை ஆணியாக அடித்து, அதிலிருந்து மேலே அளக்க வேண்டும். அந்தக் குதிரையின் பழைய எண் எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய பந்தயத்தில் அதோடு ஓடிய குதிரைகளிடமிருந்து. அவற்றின் எண்? அதற்கும் முந்தைய பந்தயத்திலிருந்து. இப்படியே ஒரு நீளமான சங்கிலி. பாரிஸில் மீட்டர் கம்பி வைத்திருந்தார்களே, அந்த மாதிரி '100 பவுண்டு குதிரை' என்று எங்கேயும் கண்ணாடிப் பெட்டியில் ஒரு குதிரையை வைத்திருக்கவில்லை.

இந்தச் சங்கிலியை இரண்டு பேர் தனித்தனியாக வளர்த்து வருகிறார்கள். ஒன்று, பல நாட்டு ஹேண்டிகேப்பர்கள் கூடி முடிவு செய்கிற அதிகாரப்பூர்வப் பட்டியல். 1977-ல் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து ஆரம்பித்தது, பிறகு உலகத் தரவரிசை ஆனது. இன்னொன்று, இங்கிலாந்தில் ஃபில் புல் 1948-ல் தொடங்கிய டைம்ஃபார்ம் என்ற தனியார் நிறுவனம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தப் பதிவின் முக்கிய வேலை. அதற்கு முன்னால், ரேட்டிங்கை நம்பாத ரசிகர்கள் கொண்டுவருகிற மூன்று சாட்சிகளைக் கொஞ்சம் விசாரித்துவிடலாம்.

மூன்று சாட்சிகள்

முதல் சாட்சி: 'தோற்றதே இல்லை.' ஹங்கேரியின் கின்செம் 1870-களில் 54 பந்தயம் ஓடி 54-லும் ஜெயித்தது. பியூர்ட்டோ ரிகோவின் கமரேரோ 1953-லிருந்து 1955 வரை தொடர்ச்சியாக 56. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பெப்பர்ஸ் பிரைட் என்ற பெண் குதிரை 19-க்கு 19. இதில் கின்செம் ஐரோப்பா முழுக்க ரயிலேறிப் போய், இங்கிலாந்தின் குட்வுட் கோப்பை வரைக்கும் ஜெயித்தது. பெப்பர்ஸ் பிரைட் தன் மாநிலத்தில் பிறந்த குதிரைகளோடு ஓடியே 19-ஐயும் முடித்தது. இரண்டுக்கும் தோல்வி பூஜ்யம்தான். ஆனால் இரண்டு பூஜ்யமும் ஒன்றா? தெருவில் கேரம் சாம்பியனுக்கும் மாநில சாம்பியனுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா என்ன.

மறுபக்கம், தோல்வி இருந்தாலே தரம் குறைவு என்றும் சொல்ல முடியாது. 1986 எப்சம் டெர்பியில் டான்சிங் பிரேவ் அரை லெங்த் வித்தியாசத்தில் ஷாரஸ்தானியிடம் தோற்றது. ஜாக்கி கிரெவில் ஸ்டார்க்கி அதை ரொம்பப் பின்னால் வைத்திருந்து, கடைசியில் பறக்கவிட்டார், தூரம் போதவில்லை. அடுத்த மாதம் ஆஸ்கட்டில் கிங் ஜார்ஜ் பந்தயம். அங்கே பேட் எடரி ஏறினார். டான்சிங் பிரேவ் முதலாவது, ஷாரஸ்தானி நாலாவது. தோல்விக் கணக்கில் அந்த அரை லெங்த் என்றைக்கும் இருக்கும். குதிரையின் தரத்தில் அதற்குப் பெரிய இடம் இல்லை.

இரண்டாவது சாட்சி: நேரம். இது கேட்க விஞ்ஞானம் மாதிரி இருக்கும். 1973 பெல்மான்ட் ஸ்டேக்ஸில் செக்ரடேரியட் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 வினாடியில் ஓடியது. 31 லெங்த் வித்தியாசம். ஐம்பது வருடம் தாண்டியும் அந்த ரெக்கார்டு அப்படியே நிற்கிறது. இப்படிப்பட்ட நேரத்தை யாரும் அலட்சியம் பண்ண முடியாது. ஒரே மாதிரி மண் தளம், சமதளம், பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே வேகம் என்று ஓடுகிற அமெரிக்காவில் நேரம் நல்ல சாட்சிதான்.

ஐரோப்பாவில் கதை வேறு. புல் தரை, மேடு பள்ளம், மழை பெய்தால் சேறு. முதல் ஒரு மைலை நடைப்பயிற்சி மாதிரி போய், கடைசி இரண்டு ஃபர்லாங்கில் மட்டும் பறப்பார்கள். 1986-ல் பாரிஸின் லோன்ஷானில் டான்சிங் பிரேவ் ஆர்க் பந்தயத்தை ஜெயித்தபோது நேரம் 2 நிமிடம் 27.7 வினாடி. 2011-ல் அதே ஆர்க்கை டேன்ட்ரீம் 2 நிமிடம் 24.49 வினாடியில் ஜெயித்தது. மூன்று வினாடிக்கு மேல் வேகம். அப்படின்னா டேன்ட்ரீம் டான்சிங் பிரேவைவிடப் பதினைந்து லெங்த் உசத்தியா? டேன்ட்ரீமின் சொந்த ரசிகர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த வருடம் தரை காய்ந்து கெட்டியாக இருந்தது, அதுதான்.

மூன்றாவது சாட்சி: ஜெயித்த தூரம். செக்ரடேரியட்டின் 31 லெங்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஓடியது மொத்தம் ஐந்து குதிரை. செக்ரடேரியட்டுக்கு உண்மையான போட்டி ஷாம். அது ஆரம்பத்தில் கூடவே ஓடிப் பார்த்து, மூச்சு வாங்கி, கடைசியாக வந்தது. தோற்றுவிட்டோம் என்று தெரிந்ததும் ஜாக்கி குதிரையை விரட்டுவதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு கூடுகிற ஒவ்வொரு லெங்த்தும் ஜெயித்தவனின் திறமை மட்டும் கிடையாது. தோற்றவனின் களைப்பும் அதில் கலந்திருக்கிறது. இதே செக்ரடேரியட் அதே வருடம் ஆனியன் என்ற குதிரையிடமும் ப்ரூவ் அவுட் என்ற குதிரையிடமும் தோற்றது.

மூன்று சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் தோற்றவர்கள்.

தோற்றவர்கள் யார்

டான்சிங் பிரேவுக்கு 141 கிடைத்தது 1986 ஆர்க்கில். ஜெயித்த தூரம் எவ்வளவு? வெறும் ஒன்றரை லெங்த். ஒன்றரை லெங்த்துக்கு 141-ஆ என்று கேட்கத் தோன்றும். பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். இரண்டாவது பெரிங், அந்த வருட பிரெஞ்சு டெர்பி வின்னர். மூன்றாவது டிரிப்டிக். நாலாவது ஷாரஸ்தானி, இங்கிலாந்து, அயர்லாந்து இரண்டு டெர்பியும் அந்த வருடம் அதற்குத்தான். ஐரிஷ் டெர்பியில் எட்டு லெங்த். ஐந்தாவது ஷார்தாரி, கிங் ஜார்ஜில் டான்சிங் பிரேவுக்கு இரண்டாவதாக வந்தது. இத்தனை பேரையும் கடைசி நேரத்தில் வெளிப்பக்கமாக வந்து தாண்டியது டான்சிங் பிரேவ்.

முன்னால் என்ன ஜெயித்தார்கள் என்பதோடு, பின்னால் என்ன ஜெயித்தார்கள் என்பதும் முக்கியம். டிரிப்டிக் அதே மாதம் நியூமார்க்கெட் போய் சாம்பியன் ஸ்டேக்ஸை ஜெயித்தது. அடுத்த வருடமும் ஜெயித்தது. 1987, 1988 இரண்டிலும் கொரோனேஷன் கோப்பையும் அதற்கே. அன்றைக்கு லோன்ஷானில் மூன்றாவதாக வந்தது ஏதோ சோர்ந்துபோன குதிரை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சின்னத் தூரம், பெரிய எதிராளிகள். 141 அப்படி வந்தது.

இப்போது ஃப்ராங்கெல். 14 பந்தயம், 14 வெற்றி. 2010 ஆகஸ்டில் நியூமார்க்கெட்டில் முதல் ஓட்டம். அரை லெங்த் பின்னால் வந்தது நத்தானியேல் என்ற குட்டி. அது பிற்பாடு 2011-ல் கிங் ஜார்ஜும் 2012-ல் எக்லிப்ஸும் ஜெயித்தது. அதாவது ஃப்ராங்கெலின் அறிமுகப் பந்தயத்தில் தோற்றதே ஒரு பிற்கால சாம்பியன்.

ஆனால் ஃப்ராங்கெலுக்கு முக்கிய சாட்சி எக்ஸெலபிரேஷன். இது ஃப்ராங்கெலோடு ஐந்து தடவை மோதி, ஐந்து தடவையும் தோற்றது. நாலு லெங்த், மறுபடி நாலு, பிறகு ஐந்து, பிறகு பதினொன்று என்று போகிறது. நடுவில் ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. ஃப்ராங்கெல் இல்லாத இடத்தில் இதே எக்ஸெலபிரேஷன் என்ன செய்தது? 2011-ல் பிரான்ஸில் பிரி டு மூலான். 2012-ல் பிரி ஜாக் லெ மரோவா. அதே வருடம் ஆஸ்கட்டில் குயின் எலிசபெத் ஸ்டேக்ஸ். எல்லாமே குரூப் 1, மைல் தூரத்தில் ஐரோப்பாவின் உச்சப் பந்தயங்கள். வேறு எந்த வருடத்தில் பிறந்திருந்தாலும் சாம்பியன் ஆகியிருக்க வேண்டிய குதிரை அது. அதை ஐந்து தடவை, வெவ்வேறு மைதானத்தில், வெவ்வேறு வேகத்தில் அடித்திருக்கிறது ஃப்ராங்கெல். ஒரே அளவை ஐந்து தடவை எடுத்து, ஐந்தும் ஒரே பக்கம் காட்டினால், என் தொழிலில் அதற்கு மரியாதை உண்டு.

ஃபார் என்ற குதிரையையும் இதில் சேர்க்கலாம். 2012-ல் சசெக்ஸ் ஸ்டேக்ஸில் ஃப்ராங்கெலிடம் ஆறு லெங்த், யார்க்கில் ஏழு லெங்த் என்று தோற்றது. அடுத்த வருடம், ஃப்ராங்கெல் ஓய்வு பெற்ற பிறகு, லாக்கிஞ், சாம்பியன் ஸ்டேக்ஸ் இரண்டையும் ஜெயித்தது.

ஆனால் பதினொரு லெங்த் ஜெயித்தாரே, அதை எப்படிப் படிப்பது? இங்கேதான் ஆணியை எங்கே அடிப்பது என்ற பிரச்சினை வருகிறது. 2012 ராயல் ஆஸ்கட்டின் குயின் ஆன் ஸ்டேக்ஸ், ஒரு மைல். பதினொரு லெங்த் என்றால் சுமார் இருபது பவுண்டு. எக்ஸெலபிரேஷன் தன் வழக்கமான தரத்தில் ஓடியது, அது 125 என்று வைத்துக்கொண்டால், ஃப்ராங்கெல் 145. ஆனால் எக்ஸெலபிரேஷனை ஒட்டிக்கொண்டே மூன்றாவதாக வந்தது சைட் கிளான்ஸ் என்ற குதிரை. அது நல்ல குதிரைதான், ஆனால் எக்ஸெலபிரேஷன் வரிசையில் வைக்க முடியாது. அதை 115 என்று வைத்து அளந்தால் ஃப்ராங்கெல் 135 பக்கம் இறங்கிவிடும். எக்ஸெலபிரேஷன் ஃப்ராங்கெலைத் துரத்திப் போய்க் களைத்ததால் சைட் கிளான்ஸ் நெருங்கியதா, இல்லை சைட் கிளான்ஸ் அன்றைக்குத் தன்னை மீறி ஓடியதா? எந்தக் கதையை நம்புகிறீர்களோ, அந்த எண் கிடைக்கும். டைம்ஃபார்ம் அந்தப் பந்தயத்துக்கு 147 போட்டது, அவர்கள் சரித்திரத்திலேயே அதிகம். 1965-ன் சீ பர்ட் வைத்திருந்த 145-ஐத் தாண்டியது. அதிகாரப்பூர்வப் பட்டியல் வருட முடிவில் 140 என்றது. இரண்டு பேரும் பார்த்தது அதே குதிரையைத்தான்.

2013-ல் என்ன செய்தார்கள்

இப்போது மூன்று பவுண்டுக்கு வருவோம். பட்டியலைப் பார்க்கிறவர்களின் வாதம் இது. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் மேலே இருந்த குதிரைகளின் எண்கள் பிற்காலத்தைவிடச் சராசரியாக அதிகம். குதிரை இனம் அதற்குள் மோசமாகிவிட்டது என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே ஸ்கேல்தான் நழுவியிருக்க வேண்டும். பழைய எண்களைக் கீழே இறக்கி, இன்றைய ஸ்கேலோடு சேர்க்க வேண்டும். இதன்படி 1990-களின் தொடக்கம் வரைக்கும் இருந்த எண்களைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பழைய வருடத்துக்குக் கூட, பிந்தைய வருடத்துக்குக் குறைவாக. 1978-ன் அலெஜ்ட் 140-லிருந்து 134. 1981-ன் ஷெர்கார் 140-லிருந்து 136. 1984-ன் எல் கிரான் சென்யோர் 138-லிருந்து 135. 1986-ன் டான்சிங் பிரேவ் 141-லிருந்து 138.

இந்த வாதம் முட்டாள்தனமானது இல்லை. நம்ம ஊர் பிளஸ் டூ மார்க் மாதிரிதான். எண்பதுகளில் 1200-க்கு 1000 வாங்கினால் ஊரே பேசும். பிற்பாடு 1100 வாங்கிய பையனுக்கும் கேட்ட காலேஜ் கிடைக்கவில்லை. ஸ்கேல் நழுவும் என்பது நமக்கு அனுபவத்திலேயே தெரியும்.

ஆனால் சராசரி அதிகமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்க முடியும்: அந்தக் காலத்தில் மேல்மட்டக் குதிரைகள் நிஜமாகவே நன்றாக இருந்திருக்கலாம். 80-களில் அரபு ஷேக்குகளும் அயர்லாந்தின் வின்சென்ட் ஓ'பிரையன் கூட்டணியும் போட்டி போட்டுக்கொண்டு அமெரிக்காவின் சிறந்த ரத்தத்தை ஐரோப்பாவுக்கு அள்ளிக்கொண்டு வந்தார்கள். கென்டக்கியின் கீன்லேண்ட் ஏலத்தில் 1983-ல் ஒரு குட்டிக்கு 1 கோடியே 2 லட்சம் டாலர், 1985-ல் இன்னொன்றுக்கு 1 கோடியே 31 லட்சம் டாலர். நார்தர்ன் டான்சர் வம்சம் அப்போது உச்சத்தில். எல் கிரான் சென்யோர் அதன் மகன். டான்சிங் பிரேவ் அதன் பேரன். விலை கொடுத்ததால் மட்டும் குதிரை ஓடிவிடாது என்பது உண்மைதான்; அந்த 1983 குட்டி ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. ஆனாலும் 'குதிரைகள் நன்றாக இருந்தன', 'ஸ்கேல் நழுவியது' என்ற இரண்டு காரணமும் சராசரியில் ஒரே தடத்தைத்தான் விட்டுச் செல்லும். சராசரியை மட்டும் பார்த்து எது காரணம் என்று பிரிக்க வழி கிடையாது. பிரிக்க வேண்டுமானால் வெளியிலிருந்து இன்னொரு ஸ்கேல் வேண்டும்.

அது இருக்கிறதே. டைம்ஃபார்ம். அதிகாரப்பூர்வ எண்ணிலிருந்து டைம்ஃபார்ம் எண்ணைக் கழித்துப் பார்த்தேன். 2013 திருத்தத்துக்கு முந்தைய எண்கள்:

அலெஜ்ட், 1978: 140, 138. வித்தியாசம் +2
ஷெர்கார், 1981: 140, 140. வித்தியாசம் 0
எல் கிரான் சென்யோர், 1984: 138, 136. வித்தியாசம் +2
டான்சிங் பிரேவ், 1986: 141, 140. வித்தியாசம் +1
பான்த்ர் செலெப்ர், 1997: 137, 137. வித்தியாசம் 0
துபாய் மில்லினியம், 2000: 134, 140. வித்தியாசம் -6
சீ தி ஸ்டார்ஸ், 2009: 136, 140. வித்தியாசம் -4
ஹார்பிஞ்சர், 2010: 135, 140. வித்தியாசம் -5
ஃப்ராங்கெல், 2012: 140, 147. வித்தியாசம் -7

ஒன்பது குதிரையை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. டைம்ஃபார்மும் கடவுள் வாக்கு இல்லை. ஆனாலும் பாருங்கள். 1978-லிருந்து 1997 வரை இரண்டு ஸ்கேலும் இரண்டு பவுண்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டு போகின்றன. அதற்குப் பிறகு வந்த நாலு குதிரைகளிலும் நாலு முதல் ஏழு பவுண்டு இடைவெளி. ஏதோ ஒன்று நழுவியிருக்கிறது என்பது இதிலும் தெரிகிறது. அந்த அளவில் ஹேண்டிகேப்பர்களின் சந்தேகம் சரி. ஆனால் இந்தப் பட்டியலில் விரிசல் விழுந்த இடம் 80-கள் இல்லை. 1997-க்குப் பிறகு. அப்போது அதிகாரப்பூர்வ ஸ்கேல் இறங்கியதா, டைம்ஃபார்ம் ஸ்கேல் ஏறியதா, அது தனிக் கேள்வி. எதுவாக இருந்தாலும், 1978 குதிரைக்கு ஆறும் 1986 குதிரைக்கு மூன்றும் குறைத்து, 1997 குதிரையைத் தொடாமல் விட்டதில் அந்த விரிசல் சரியாகவில்லை.

திருத்திய பிறகு என்ன ஆகிறது? அலெஜ்ட் -4, ஷெர்கார் -4, எல் கிரான் சென்யோர் -1, டான்சிங் பிரேவ் -2, பான்த்ர் செலெப்ர் 0, பிறகு மறுபடி -6. முன்னால் ஒரு படி மட்டும் இருந்தது. இப்போது ஒரு மேடும் சேர்ந்துவிட்டது. ஷெர்காருக்கும் டான்சிங் பிரேவுக்கும் டைம்ஃபார்மில் வித்தியாசமே இல்லை. பழைய பட்டியலில் ஒரு பவுண்டு. புதியதில் இரண்டு. ஐந்து வருடம் முன்னால் ஓடிய ஒரே காரணத்துக்காக ஷெர்கார் கூடுதலாக ஒரு பவுண்டு இழந்தது.

இன்னும் ஒரு கணக்கு. ஃப்ராங்கெல் டான்சிங் பிரேவைவிட எவ்வளவு மேல்? டைம்ஃபார்ம் சொல்வது ஏழு பவுண்டு மேல். பழைய அதிகாரப்பூர்வப் பட்டியல் சொன்னது ஒரு பவுண்டு கீழ். அதே இரண்டு குதிரை, திறமையான இரண்டு குழு, நடுவில் எட்டு பவுண்டு கருத்து வேறுபாடு. எட்டு பவுண்டு தள்ளாடுகிற ஒரு தராசில், ஒரு பவுண்டு முன்னால், இரண்டு பவுண்டு பின்னால் என்று இடம் மாற்றி வரலாறு எழுதுவதில் என்ன பொருள் இருக்கிறது?

உச்சத்தை மட்டும் எண்ணுவதில் உள்ள சிக்கல்

பட்டியல் ஒரு குதிரையின் சிறந்த ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அளவையில் பிழை இருக்கிற எதிலும் அதிகபட்சத்தை மட்டும் பொறுக்கினால், பிழையையும் சேர்த்துப் பொறுக்குவோம். எக்ஸெலபிரேஷன் களைத்த அன்றைக்குத்தான் ஃப்ராங்கெல் உயரமாகத் தெரியும்.

2022-ல் அமெரிக்காவின் ஃபிளைட்லைன் 140 வாங்கி ஃப்ராங்கெலைத் தொட்டது. வாழ்நாளில் ஓடியது ஆறே பந்தயம், ஆறும் வெற்றி. பசிபிக் கிளாசிக்கில் 19¼ லெங்த். இரண்டாவதாக வந்த கன்ட்ரி கிராமர் அந்த வருடம் துபாய் உலகக் கோப்பையை ஜெயித்த குதிரை, ஆகவே எதிராளி சோடை இல்லை. அடுத்து பிரீடர்ஸ் கோப்பை கிளாசிக்கில் 8¼ லெங்த். அற்புதமான குதிரை. ஆனால் எக்ஸெலபிரேஷன் மாதிரி, திரும்பத் திரும்ப மோதி அதன் அளவைச் சரிபார்த்த ஒரு குதிரை அதற்குக் கிடையாது. இரண்டும் 140 என்று ஒரே கட்டத்தில் எழுதினாலும், அந்த எண்களின் பின்னால் நிற்கிற சாட்சிகளின் எண்ணிக்கை ஒன்றல்ல. பட்டியலில் இதைக் காட்ட ஒரு காலம்கூட இல்லை.

அதேபோல ஃப்ராங்கெலின் 140-க்கும் எல்லை உண்டு. அது இங்கிலாந்தை விட்டு வெளியே ஓடவில்லை. பத்தரை ஃபர்லாங்குக்கு மேல் ஓடவில்லை. டான்சிங் பிரேவ் ஓடிய ஒன்றரை மைல் ஆர்க் அதற்குத் தெரியாத ஊர். மைலில் ஃப்ராங்கெல்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒன்றரை மைலில் யார் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு எந்தப் பந்தயமும் பதில் சொல்லவில்லை.

வேறு என்ன செய்திருக்கலாம்

இதெல்லாம் ரசிகர்கள் டீக்கடையில் பேசுகிற விஷயம்தானே என்று விட்டுவிட முடியாது. குதிரை ஓய்வு பெற்றபின் இனப்பெருக்கக் கட்டணம் அதன் பெயரில் நிற்கிறது. ஃப்ராங்கெலுக்கு 2013-ல் ஒரு தடவைக்கு 1,25,000 பவுண்டு. பந்தயங்களுக்கு குரூப் 1, குரூப் 2 என்று தரம் கொடுப்பதும், முதல் நாலு இடம் வந்த குதிரைகளின் ரேட்டிங் சராசரியைப் பார்த்துத்தான். ஸ்கேல் நழுவினால், ஒரு பந்தயமே தரம் இறங்கும்.

சதுரங்கத்தைப் பாருங்கள். 1972-ல் பாபி ஃபிஷரின் எலோ 2785. நம் விஸ்வநாதன் ஆனந்தின் உச்சம் 2817. ஃபிஷர் காலத்து எண்ணும் ஆனந்த் காலத்து எண்ணும் ஒரே எடை இல்லை என்று விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் ஃபிஷரின் 2785-ஐ அழித்து வேறு எழுதவில்லை. பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் படிக்கிறோம்: அப்போது இரண்டாவது இடத்திலிருந்த ஸ்பாஸ்கி 2660. வித்தியாசம் 125. காலத்தைத் தாண்டி ஒப்பிட அந்த 125 போதும்.

குதிரைப் பட்டியலுக்கும் அதே மரியாதையைக் கொடுத்திருக்கலாம். 141 என்ற பழைய எண் அப்படியே இருக்கட்டும். அன்றைக்கு அந்தப் பந்தயங்களைப் பார்த்தவர்கள் கொடுத்தது. பக்கத்தில் புதிய காலம் ஒன்று, 'இன்றைய ஸ்கேலில் சுமார் 138' என்று. அதற்கும் பக்கத்தில் எத்தனை பவுண்டு தள்ளாட்டம் என்று ஒரு எண். எந்த எதிராளியை ஆணியாக வைத்து அளந்தோம் என்று ஒரு பெயர். சாஃப்ட்வேரில் இதை நாங்கள் தினமும் செய்கிறோம்: பழைய வெர்ஷனை அழிக்க மாட்டோம், புதியதை அதன் மேல் அடுக்குவோம், யார் எப்போது ஏன் மாற்றினார் என்று குறிப்பு எழுதுவோம். இதற்குக் காசும் ஆகாது, இடமும் பிடிக்காது.

நான் கொடுத்த ஒன்பது குதிரைப் பட்டியலை இன்னும் நீட்ட முடிந்தவர்கள் நீட்டுங்கள், முக்கியமாக 1997-க்கும் 2009-க்கும் நடுவில். விரிசல் ஒரே வருடத்தில் விழுந்ததா, மெதுவாக அகன்றதா என்று அதில் தெரிந்துவிடும். தெரிய வேண்டிய காரணமும் இருக்கிறது. இப்போது உச்சியில் ஃப்ராங்கெலும் ஃபிளைட்லைனும் ஆளுக்கு 140-ல் நிற்கிறார்கள். இன்னும் இருபது வருடம் கழித்து இன்னொரு குழு உட்கார்ந்து, 2010-களில் ஸ்கேல் கொஞ்சம் தாராளமாக இருந்தது என்று முடிவு செய்தால், அந்த 140-உம் 137 ஆகலாம். டான்சிங் பிரேவுக்கு நடந்தபோது சும்மா இருந்தவர்கள் அன்றைக்கு எந்த முகத்தோடு போய்ச் சண்டை போடுவது?